மார்கழி முதல் மாசி வரை: தோட்டப்புற ஊர் பல்கலைக்கழகத்தில் எல்லாச் சமய விழாக்களையும் நடத்த முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் ஆண்டிறுதி விழா என்றால் வழக்கமாக நடப்பது இதுதான்: மண்டபத்தின் ஒரு மூலையில் கிறிஸ்துமஸ் மரம், மறு மூலையில் அட்டையில் வெட்டிய பொங்கல் பானை, மேலே சிவப்பு விளக்குகள், மேடையில் மூன்று நடனம், கடைசியில் மீ கோரெங். எல்லா இனத்தாரும் வந்திருப்பார்கள், ஆனால் யாருடைய பண்டிகையும் அங்கே நடந்திருக்காது. அந்த முறையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு விழாவையும் அதன் நாளிலேயே, அதைக் கொண்டாடுகிறவர்கள் கையாலேயே நடத்துங்கள். சடங்கு அவரவருக்கு, பந்தி எல்லாருக்கும். செலவும் இதில்தான் குறைவு.

மலேசியாவின் தஞ்சோங் மாலிமை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறோம். 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கிய ஊர். 1997 முதல் அது பல்கலைக்கழகம். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இன்று பெரும்பாலும் செம்பனை. பெர்னாம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேராக், அந்தப் பக்கம் சிலாங்கூர். தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பயிலும் மாணவர்கள் இங்கே உண்டு. இன்று விடுதியில் பானை வைக்கப் பழகுகிறவர் நாளைக்கு ஒரு பள்ளித் திடலில் நூறு பிள்ளைகளுக்கு முன் அதைச் செய்ய வேண்டியிருக்கும். மற்றத் தோட்டப்புற ஊர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

முதலில் நாட்காட்டி

2026–2027 பருவத்தை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 22 செவ்வாய், சீனர்களின் குளிர்கால விழாவான டோங்சி. டிசம்பர் 25 வெள்ளி, கிறிஸ்துமஸ். ஜனவரி 13, பஞ்சாபியரின் தீ மூட்டும் விழாவான லோரி. ஜனவரி 15 வெள்ளி, பொங்கல். ஜனவரி 22 வெள்ளி, தைப்பூசம். பிப்ரவரி 6 சனி, சீனப் புத்தாண்டு. அதற்கு இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 8 வாக்கில், பிறை தெரிவதைப் பொறுத்து முஸ்லிம்களின் நோன்புத் தொடக்கம். பிப்ரவரி 20, சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே.

இந்த வரிசையைத் தாளில் எழுதிப் பார்த்தாலே மூன்று சிக்கல்கள் தெரியும். தைப்பூசக் காவடிக்கு 48 நாள் விரதம் எடுப்பவர் டிசம்பர் முதல் வாரத்திலேயே மாலை போட்டிருப்பார். டோங்சி, கிறிஸ்துமஸ் பந்திகளுக்கு அவர் விரதத்தோடுதான் வருவார். இரண்டாவது, அக்டோபரில் செமஸ்டர் தொடங்கும் கழகங்களில் தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் தேர்வு நெருக்கத்தில் வரும்; அந்த இரண்டுக்கும் ஒத்திகை தேவைப்படும் மேடை நிகழ்ச்சி எதுவும் வைக்காதீர்கள். மூன்றாவது, சீனப் புத்தாண்டுத் திறந்த இல்ல உபசரிப்பைப் புத்தாண்டுக்குப் பிறகு பகலில் வைத்தால் முஸ்லிம் நண்பர் ஒருவரும் சாப்பிட முடியாது.

வானிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்குக் குளிர்காலம் என்றால் பனியில்லை, மழை. மலையடிவார ஊரில் டிசம்பர் மாலை நான்கு மணிக்கு இடி இறங்கினால் எந்தக் கூடாரமும் தாங்காது. வெளியில் நடத்துவதைக் காலையிலும், மாலை நிகழ்ச்சியைக் கூரைக்குக் கீழும் வையுங்கள்.

ஆட்களும் அனுமதியும்

ஒவ்வொரு விழாவுக்கும் அந்தச் சமூகத்திலிருந்து ஒருவர் பொறுப்பாளர். அவர் “வேண்டாம்” என்றால் அது வேண்டாம். மற்றவர்கள் வாக்கெடுக்கக் கூடாது. இவர்களோடு எல்லா விழாவுக்கும் பொதுவாக ஒரே ஒருவர் சாப்பாட்டுப் பொறுப்பாளர். குழுவில் அதிகம் அலைய வேண்டியவர் இவர்தான், ஆகவே கடைசி ஆண்டு மாணவரை இதில் மாட்டாதீர்கள்.

மாணவர் விவகாரப் பிரிவுக்கு ஐந்து விழாவுக்கு ஐந்து கெர்தாஸ் கெர்ஜா (திட்ட அறிக்கை) கொடுப்பதைவிட, ஒரே தொடராக ஒன்று எழுதி, ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு பக்க இணைப்பு வைப்பது எளிது. முதல் விழாவுக்கு ஆறு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். இணைப்பில் இவை தெளிவாக இருக்கட்டும்: எந்த இடம், நெருப்பு உண்டா, உண்டென்றால் விறகா கேஸா, சமைப்பவர் யார், ஹலால் சான்றிதழ் உள்ளவரா, வழிபாடு உண்டா, அது பந்தியிலிருந்து எப்படிப் பிரிக்கப்படுகிறது. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத விண்ணப்பம்தான் அதிகம் திரும்பி வரும். “வழிபாடு காலை 7 முதல் 8 வரை, இந்து மாணவர்கள் மட்டும், விருந்து 8.30 முதல், அனைவரும்” என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நெருப்புக்குப் பாதுகாப்புப் பிரிவின் அனுமதி தனி. போகி என்று சொல்லிப் பழைய பாய், டயர், பிளாஸ்டிக்கைக் கொளுத்தும் எண்ணத்தைக் கைவிடுங்கள். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் திறந்தவெளிக் குப்பை எரிப்பு குற்றம். விடுதி அறையிலும் மண்டபத்திலும் கற்பூரமோ சாம்பிராணியோ ஏற்றினால் புகை உணர்கருவி அலறி, நான்கு மாடியும் படியிறங்கி வந்துவிடும். உள்ளே மின்விளக்கு, வெளியே தீபம்.

ஐந்து வீட்டாரும் கை வைக்கும் சாப்பாடு

மனக்கசப்பு வந்தால் அது சாப்பாட்டில்தான் வரும். “பன்றி இல்லை” என்பதும் ஹலாலும் ஒன்றல்ல. கோழி அறுத்த முறை, சட்டி, எண்ணெய், சாராயம் கலந்த சாறு எல்லாம் கணக்கு. ஹலால் சான்றிதழ் உள்ள சமையல்காரரிடம் கொடுப்பது ஒன்றே கேள்விக்கு இடமில்லாத வழி. மாட்டிறைச்சியைப் பந்தியிலேயே வைக்காதீர்கள். இந்துக்கள் மட்டுமல்ல, குவான் யின் வழிபாடுள்ள சீனக் குடும்பத்துப் பிள்ளைகள் பலரும் அதைத் தொடமாட்டார்கள். ஹலால் கோழி ஒன்று, மீதியெல்லாம் மரக்கறி என்று வைத்தால் எல்லாருக்கும் தட்டு நிறையும்.

மரக்கறியிலும் இரண்டு கணக்கு. நம் விரதக்காரருக்கு முட்டை ஆகாது. சீன பௌத்த விரதக்காரருக்கு வெங்காயம், பூண்டு ஆகாது. இரண்டும் இல்லாத இரண்டு பதார்த்தம், உதாரணமாக இஞ்சியும் சீரகமும் போட்ட பருப்புக் கூட்டு, தேங்காய் போட்ட பீன்ஸ் பொரியல், எப்போதும் மேசையில் இருக்கட்டும். அந்தக் கரண்டி வேறு சட்டிக்குள் போகக் கூடாது. போகாமல் இருக்க ஒரு ஆள் நின்றே பரிமாற வேண்டும். தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் மேசையில் பத்தாவது நிமிடத்தில் கரண்டி மாறிவிடும்.

படைத்த உணவு இன்னொரு விஷயம். தெய்வத்துக்குப் படைத்ததை முஸ்லிம்களும், கிறிஸ்தவர்களில் பலரும் சாப்பிடமாட்டார்கள். ஆகவே சடங்குக்கு ஒரு சிறு பானை, பந்திக்குப் படைக்காத தனி அண்டா. கேட்கும் விருந்தினரிடம் “இது படைக்காதது, ஹலால் சமையல்காரர் செய்தது” என்று நேராகச் சொல்லுங்கள். சொல்லாமல் கொடுத்துப் பிறகு தெரியவந்தால் அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார். சீன மாணவர்கள் பீடத்தில் வைக்கும் தாங் யுவான் என்ற பசை அரிசி உருண்டைக்கும் இதே விதி.

ஒவ்வொரு சட்டிக்கு முன்னும் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஒரு அட்டை: பால், முட்டை, கடலை, கோதுமை, வெங்காயம் உண்டா இல்லையா. கடலை ஒவ்வாமையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டோங்சி: டிசம்பர் 22, மாலை

இந்தத் தொடரைத் தொடங்க இதைவிட நல்ல விழா கிடைக்காது. மேடை வேண்டாம், பேச்சு வேண்டாம். எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மாவு உருட்டினால் போதும். தாங் யுவான் சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்று சீன வீடுகளில் சொல்வார்கள்.

ஐம்பது பேருக்குப் பசை அரிசி மாவு ஒன்றரைக் கிலோ, வெதுவெதுப்பான நீர் 1.2 லிட்டர் அளவு. நீரை ஒரே முறையில் கொட்டாதீர்கள். மாவுக்கு மாவு குடிக்கும் அளவு மாறும். பிசைந்த மாவில் ஒரு எலுமிச்சை அளவு எடுத்துத் தட்டி, கொதிநீரில் போட்டு மிதந்ததும் எடுத்து, மீண்டும் மாவோடு சேர்த்துப் பிசையுங்கள். வெந்த அந்தத் துண்டுதான் உருண்டை வெடிக்காமல் பிடித்து வைக்கும். பத்து கிராம் உருண்டையாக உருட்டினால் 270 வரை வரும், ஆளுக்கு ஐந்து. உருட்டியதை ஈரத்துணியால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் மேல்தோல் காய்ந்து பிளக்கும். பொங்கிக் கொதிக்கும் நீரில் முப்பது முப்பதாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நீர் சூடு இறங்கி அடியில் ஒட்டிக் களியாகிவிடும். மிதந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு, அரித்து, சூடான பாகில் போட வேண்டும். பாகுக்கு எட்டு லிட்டர் நீர், ஒன்றரைக் கிலோ குலா மெலாக்கா (தென்னை வெல்லம்), நசுக்கிய முற்றிய இஞ்சி 400 கிராம், முடிச்சிட்ட பண்டான் இலை பத்து. இதில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை, விரதக்காரரும் சாப்பிடலாம்.

கிறிஸ்துமஸ்: யாருக்காக என்பதை மறக்காதீர்கள்

தீபகற்பத்துப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்துமஸ் முதலில் சபா, சரவாக் மாணவர்களுடைய விழா. ஒருநாள் விடுமுறைக்கு விமானம் ஏறி ஊருக்குப் போய்வர அவர்களால் முடியாது. தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகள் பேருந்து பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். விடுதியில் தங்குவது சபா, சரவாக் பிள்ளைகள்தான். ஆகவே நிகழ்ச்சியின் வடிவத்தை அவர்களிடம் விடுங்கள். 24-ஆம் தேதி இரவு ஆராதனைக்குத் தேவாலயத்துக்குப் போய்வர வேன், இரவு ஒரு மணிக்கு விடுதிக் கதவைத் திறக்க முன்கூட்டியே எழுத்து அனுமதி. மேடை நிகழ்ச்சியைவிட இந்த இரண்டும்தான் பெரிய உதவி.

25-ஆம் தேதி விருந்தில் கவனிக்க வேண்டியது கேக். பழங்களை ரம்மில் ஊறவைக்கும் பழக்கம் இருப்பவரிடம் வாங்காதீர்கள். ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தாலும் நிறமும் மணமும் வரும். ஜெலட்டின் கலந்த மார்ஷ்மெல்லோ, சாராயத்தில் எடுத்த வெனிலா, இவற்றின் பொட்டலத்தைப் படியுங்கள். மாணவர்களே சுடுவதென்றால் வெண்ணெய் பூசும் தூரிகையையும் பாருங்கள்: இயற்கை முடித் தூரிகை பன்றி முடியாக இருக்கலாம், சிலிக்கோன் தூரிகை வாங்கினால் பேச்சே இல்லை. தட்டில் முட்டையில்லாத ஒன்றும் இருக்கட்டும், முறுக்கு போதும். பனி என்று சொல்லி மரத்தில் பஞ்சை ஒட்டி, அதன்மேல் மலிவான மின்விளக்குச் சரத்தைச் சுற்றுவது தீப்பிடிக்க ஏற்பாடு செய்வதற்குச் சமம்.

லோரி

பஞ்சாபி மாணவர் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். பொங்கலுக்காக அனுமதி வாங்கிய அதே நெருப்பிடத்தில் 13-ஆம் தேதி மாலை ஒரு சிறு தீ, எள் மிட்டாய், பொரி, கடலை. மழைக்கு விறகை மூடி வையுங்கள். அனுமதிக் கடிதத்தில் இரண்டு தேதியையும் சேர்த்து எழுதினால் வேலை மிச்சம்.

பொங்கல்: ஜனவரி 15, காலை

வெள்ளிக்கிழமை, எட்டு மணிக்கு வகுப்பு, மதியம் ஜும்ஆ தொழுகை. பானை வைக்கும் நேரத்தைக் கோவில் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். விருந்தினரை வகுப்புக்கு முன்னோ, காலை பத்து முதல் பதினொன்றரைக்குள்ளோ அழையுங்கள்.

1. மண்பானையை மூன்று நாள் முன்பே வாங்குங்கள். பொங்கலுக்கு முதல் நாள் கடையில் மிஞ்சுவது விரிசல் பானை. விரலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஓர் இரவு முழுக்க நீரில் ஊறட்டும். மறுநாள் வடிகஞ்சியை ஊற்றி மெல்லிய சூட்டில் ஒரு கொதி விட்டு ஆறவையுங்கள். காய்ந்த புதுப்பானையை நேரே தீயில் ஏற்றினால் வெடிக்கும். சூடான பானையில் குளிர்ந்த பால் ஊற்றினாலும் அப்படித்தான்.

2. அடுப்புக்கு மூன்று செங்கல். ஆற்றோரத்து ஈரக்கல்லை எடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிச் சூட்டில் தெறிக்கும். கூரையிலிருந்தும் வாகனத்திலிருந்தும் தள்ளி, புல் இல்லாத வெற்று மண்ணில், மட்டமாக வையுங்கள். பானையில் கொஞ்சம் நீர் ஊற்றிப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். விறகுக்குக் காய்ந்த ரப்பர் கட்டை அருமை. தோட்டத்தில் யாரிடமாவது சொல்லிவைத்தால் கிடைக்கும். பக்கத்தில் ஒரு வாளி மணலும் தீயணைப்பு உருளையும். நெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியால் அடைக்க வேண்டும்.

3. மூன்று லிட்டர் பானைக்கு ஒரு லிட்டர் கொழுப்பு எடுக்காத பால், ஒன்றரை லிட்டர் நீர். கழுத்துக்கு இரண்டு விரற்கடை கீழ் வரை இருக்க வேண்டும். பானை பாதிதான் நிறைந்திருந்தால் பால் பொங்கும், ஆனால் வழியாது. கூடியிருப்பவர்கள் முகம் வாடிப்போகும். பொங்குவதற்குக் காரணம் பாலின் மேல் படியும் ஆடை ஆவியை அடைத்துவைப்பதுதான். ஆகவே கடைசி இரண்டு நிமிடம் யாரும் கிளறாதீர்கள், தீயை ஏற்றுங்கள். பொங்கியதும் “பொங்கலோ பொங்கல்”. பிறகு அரை லிட்டரை முகந்து வைத்துவிட்டு, 250 கிராம் பச்சரிசி, 60 கிராம் பாசிப்பருப்பு.

4. பந்தி அண்டா இதற்கு இணையாகக் கேஸ் அடுப்பில் போகட்டும். ஐம்பது சிறு கிண்ணத்துக்குப் பச்சரிசி ஒரு கிலோ, வறுத்த பாசிப்பருப்பு 250 கிராம், நீர் ஐந்தரை லிட்டர், பால் ஒரு லிட்டர், வெல்லம் 1.2 கிலோ, நெய் 250 கிராம், முந்திரி 150, திராட்சை 100, ஏலக்காய் 10 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. அடிகனத்த அண்டாவாக இருக்க வேண்டும்.

5. அரிசி விரலில் நசுங்கும் வரை வெல்லத்தைத் தொடாதீர்கள். வெல்லம் விழுந்த பிறகு அரிசி அதற்குமேல் வேகாது. “கல்லு கல்லா இருக்கு” என்ற புகார் முழுவதும் இந்த அவசரத்தில் பிறப்பதுதான். வெல்லத்தைத் தனியே இரண்டு கிண்ண நீரில் கரைத்து வடிகட்டுங்கள், வடிகட்டியில் மணல் தங்குவதைப் பார்ப்பீர்கள். பால் முழுக்கச் சுண்டிய பின், தீயைக் குறைத்து, பாகை ஊற்றுங்கள். பால் கொதிக்கும்போது ஊற்றினால் சில வெல்லத்தில் திரிந்துவிடும். அதன் பிறகு அடியைத் துடுப்பால் விடாமல் துழாவ வேண்டும். பாகு இறங்கியபின் பிடிக்கும் அடியை மீட்க முடியாது. பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேலே உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

6. பச்சைக் கற்பூரம் போடத் தெரியாதவர் போடவேண்டாம். பூசைக்கு ஏற்றும் கற்பூரம் நஞ்சு; இரண்டும் ஒரே கடையில் ஒரே அலமாரியில் இருக்கும்.

கரும்பை இலையோடு நான்கு வாங்கி, அடுப்புக்கு நேர்மேல் இல்லாமல் பின்னால் கட்டுங்கள். கோலத்துக்கு முதல் நாள் மாலை மழை வரும் என்றே எண்ணி, விடியற்காலையில் போடுங்கள். உறியடி, கயிறு இழுத்தல் எல்லாம் விருந்தினருக்குப் பிடிக்கும், ஆனால் உறியடியில் கண்ணைக் கட்டியவரைச் சுற்றி ஐந்து மீட்டர் வெற்றிடம் வேண்டும்.

தைப்பூசம்: விழா வேண்டாம், உதவி போதும்

வளாகத்துக்குள் தைப்பூசத்தை நடத்த முயலாதீர்கள். அது நேர்த்திக்கடன், நடக்க வேண்டிய இடம் கோவில். பேராக்கிலும் சிலாங்கூரிலும் அன்று பொது விடுமுறை. மாணவர் கழகம் செய்யக்கூடியது மூன்று. விரத நாட்களில் சிற்றுண்டிச்சாலையில் தனிச் சட்டியில் மரக்கறிச் சோறு. பால்குடம் எடுப்பவர் விடியற்காலை குளித்துப் புறப்பட விடுதிக் கதவு அனுமதி. பத்துமலைக்குப் போகிறவர்களுக்கு ரயில் விவரம்: தஞ்சோங் மாலிமில் கொமூட்டர் ரயிலில் ஏறிக் கோலாலம்பூரில் பத்துமலை வண்டிக்கு மாற வேண்டும், கூட்டத்தில் குழுவாகவே இருக்க வேண்டும்.

ஊர்க் கோவிலருகே தண்ணீர்ப் பந்தல் போட்டால் நூறு குவளைக்கு 20 லிட்டர் நீர்மோர்: தயிர் 5 லிட்டர், நீரும் பனிக்கட்டியும் சேர்த்து 15 லிட்டர், இஞ்சி 150 கிராம், பச்சை மிளகாய் 10, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. மொத்தத்தையும் காலையிலேயே கலக்காதீர்கள், இந்த வெயிலில் பத்து மணிக்குள் புளித்துவிடும். ஐந்தைந்து லிட்டராகக் கலக்குங்கள். பனிக்கட்டி குடிநீரில் செய்த குழாய்க்கட்டியாக இருக்கட்டும், மீன் கடைக் கட்டி வேண்டாம். மற்ற இன நண்பர்கள் பந்தலில் நின்று ஊற்றிக்கொடுக்கத் தாராளமாக வருவார்கள். கோவிலுக்குள் அவர்களை இழுக்காதீர்கள்.

சீனப் புத்தாண்டும் நோன்பும் சேர்ந்து வரும்போது

புத்தாண்டுக்கு முதல் நாள் இரவு குடும்ப விருந்து. சீன மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே வளாக விருந்துக்கு இரண்டு வழிதான். ஒன்று, பிப்ரவரி 3 அல்லது 4 மதியம், அவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன். இல்லையென்றால் சாப் கோ மேக்குள் ஒரு மாலை, நோன்பு துறப்போடு சேர்த்து.

இரண்டாவது வழி அழகானது, ஆனால் நேரம் இறுக்கம். 7.15-க்கு எல்லாரும் அமர வேண்டும். 7.30 சுமாருக்கு நோன்பு துறப்பு: பேரீச்சம்பழம், நீர், தமிழ் முஸ்லிம் மாணவர்கள் கையால் ஒரு அண்டா நோன்புக் கஞ்சி. மக்ரிப் தொழுகைக்கு இருபது நிமிடம், அதற்கு அருகிலேயே சுத்தமான இடம். 8 மணிக்கு ஈ சாங் (எல்லாரும் சேர்ந்து தூக்கிப் போட்டுக் கலக்கும் புத்தாண்டுக் கலவை), சாப்பாடு. தராவீஹ் என்ற நோன்பு மாத இரவுத் தொழுகைக்குப் போகிறவர்கள் எட்டரைக்கு எழ வேண்டும். பேச்சாளருக்கு இதில் இடமே இல்லை என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஈ சாங்கில் பச்சை மீனைத் தவிர்த்து மரக்கறியாகச் செய்தால் எல்லாரும் கை வைக்கலாம். பத்துப் பேர் தட்டுக்குத் துருவிய கேரட், வெள்ளை முள்ளங்கி, வெள்ளரி தலா 300 கிராம், பொமலோச் சுளை 200, எள், பொரித்த மொறுமொறுத் துண்டுகள், ஹலால் முத்திரையுள்ள பிளம் சாறு 200 மில்லி. முள்ளங்கியில் உப்புத் தூவிப் பத்து நிமிடம் கழித்துப் பிழியாவிட்டால் தட்டு குளமாகிவிடும். மொறுமொறுப்பு கடைசி நொடியில். வேர்க்கடலை தனிக் கிண்ணத்தில். தூக்கிப் போடும்போது உயரம் எவ்வளவோ அவ்வளவு செழிப்பு என்பார்கள். தரையில் செய்தித்தாள் விரித்து வையுங்கள்.

ஆரஞ்சை இரண்டிரண்டாக, இரு கையாலும் கொடுங்கள். பரிசாகக் கடிகாரம் வேண்டாம், கறுப்பு வெள்ளை மட்டும் போட்ட அலங்காரமும் வேண்டாம்.

முடிந்தபின்

சமைத்த உணவு வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிடுங்கள். பால் சேர்ந்த பொங்கல் அதற்கும் முன்பே கெடும். மீந்ததை அறைக்குக் கட்டிக் கொடுத்து இரவில் சாப்பிடச் சொல்வதால்தான் மறுநாள் பாதி விடுதி மருந்தகத்தில் நிற்கிறது. நெய், எண்ணெய் கலந்த நீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குளிர்ந்து உறைந்து அடைக்கும். சாம்பலில் தண்ணீர் தெளித்துக் கிளறி, உள்ளே கங்கு இல்லை என்று பார்த்த பிறகே அள்ளுங்கள். ரசீதுகளை அன்றிரவே படமெடுத்து விழாவாரியாகப் பிரித்து வைக்காவிட்டால், பிப்ரவரியில் கணக்கு ஒப்படைக்கும்போது இஞ்சி டோங்சிக்கு வாங்கியதா தைப்பூசத்துக்கு வாங்கியதா என்று பொருளாளர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.